முப்பத்தொரு பொட்டு

பீன்யா தொழிற்பேட்டையில் கோதண்டராமனின் பட்டறையில் பதினெட்டுப் பேர் வேலை செய்தார்கள். பதினேழு பேர் கையில் கிரீஸ் ஒட்டியிருக்கும். ஒட்டாத ஒரே ஆள் தனக்கோடி. கம்ப்யூட்டர் அறை அவளுடைய ராஜ்ஜியம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, சாக்கு மிதியடியில் காலை இரண்டு தரம் தேய்த்த பிறகுதான் யாரும் உள்ளே வரலாம். முதலாளிக்கும் அதே சட்டம்தான். கோதண்டராமனும் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார்.

ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு இந்த அதிகாரம் சும்மா வந்துவிடவில்லை. ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பட்டறைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது ஆம்பிளைகள் எல்லாம் அதை ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல எட்ட நின்று பார்த்தார்கள். ‘நான் கத்துக்கறேன் சார்’ என்று முன்னால் வந்தது இவள் ஒருத்திதான். வேலை முடிந்து மல்லேஸ்வரம் போய் எட்டு மாதம் படித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் செய்த ஒவ்வொரு டைக்கும் வரைபடம் போட்டவள் அவள்தான். டை என்பது தகட்டை வைத்து அழுத்தினால் குக்கர் கிளிப்பாகவோ ஸ்கூட்டர் பாகமாகவோ வெட்டித் தருகிற இரும்பு அச்சு. அச்சு உடைந்தால் மறுபடி செய்ய வரைபடம் வேண்டும். அப்படி நானூற்றுப் பன்னிரண்டு வரைபடங்கள். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஹார்ட் டிஸ்க்கில்.

அந்த ஹார்ட் டிஸ்க்தான் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு வரைபடம் திறந்தது, அடுத்தது திறக்கவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. ஃபிட்டர் அய்யாவு கண்ணாடிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்து, “போச்சா மேடம்?” என்றான்.

“வாயக் கழுவு” என்றாள் தனக்கோடி.

அவளுக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம், பழைய காகித வரைபடங்களைச் செல் அரிக்கிறது என்று கோதண்டராமன் புலம்பியபோது, ‘அதெல்லாம் எதுக்கு சார், எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கு, நான் சொல்றேன்’ என்று சொன்னவள் அவள். அவரும் அவள் பேச்சை நம்பி இரண்டு ஆட்டோ நிறையக் காகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டார். ஒரு வரைபடம் முடிந்ததா, அன்றைக்கே அதை ஃபிளாப்பியில் ஏற்றி, நம்பர் எழுதி, நோட்டில் குறித்துப் பெட்டியில் வைத்துவிடுவாள். முப்பத்தொரு ஃபிளாப்பி. ஒரு நாள் தவறியதில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு ஃபிராங்க்ளின் வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், காக்ஸ் டவுன்காரன், முப்பது வயதுக்காரன். கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் பெரிய பை. ஷூவைக் கழற்றி, யாரும் சொல்லாமலே மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். அதிலேயே தனக்கோடிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கம்ப்யூட்டர் பெட்டிமேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

“ரொம்ப நாள் தாங்காதுக்கா. இன்னிக்கே எவ்ளோ எடுக்க முடியுமோ எடுத்துக்கணும். பேக்கப் இருக்கா?”

“முப்பத்தொரு ஃபிளாப்பி இருக்குது தம்பி.”

“அப்ப டென்ஷனே இல்ல. இதுலருந்து வர்றது வரட்டும், வராதது ஃபிளாப்பில எடுத்துக்கலாம்.”

பையிலிருந்து ஒரு புது டிஸ்க்கை எடுத்தான். அதை மாட்ட வேண்டுமென்றால் கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்தாக வேண்டும். அணைத்தால் பழையது திரும்பச் சுழலுமா என்பது சந்தேகம். சிலுவையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு அணைத்தான். இரண்டு டிஸ்க்கையும் ஒரே பட்டையான வயரில் கோத்து மறுபடி போட்டான். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

தனக்கோடி நாற்காலியை விட்டு எழுந்தாள். “போயிடுச்சா?”

“இல்லக்கா. ரெண்டும் நான்தான் பெரியவன்னு நிக்குது. கம்ப்யூட்டர் யார் பேச்சக் கேக்கும்?” புது டிஸ்க்கின் முதுகில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதைக் குறட்டால் பிடுங்கி வேறு இடத்தில் குத்தினான். புதியது பெரியது, பழையது சின்னது என்று தீர்மானமாயிற்று. இந்த மாதிரித் தகராறு மனுஷர்களுக்குள் வந்தால் தீர்க்க இரண்டு தலைமுறை ஆகும். இங்கே அரை நிமிஷத்தில் முடிந்து இரண்டு டிஸ்க்கும் திரையில் வந்து நின்றன.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரதி எடுக்கப் பார்த்தான். தொண்ணூற்றாறாவது வரைபடத்தில் மாட்டிக்கொண்டது. திரும்பப் போட்டான், திரும்பவும் அதே இடம். டிஸ்க் டிக் டிக் என்று தலையை முட்டிக்கொண்டது.

“வரமாட்டேங்கறத வா வான்னு இழுக்கக் கூடாதுக்கா. இழுத்தா வர்றதும் வராது. நல்லா இருக்கறத மொதல்ல எடுப்போம், அடம் புடிக்கறத விட்டுட்டுத் தாண்டிடலாம்.”

அப்படியே பத்துப் பத்தாக எடுத்தார்கள். அவன் விசையைத் தட்ட, அவள் நோட்டில் டிக் போட்டாள். இருபது நிமிஷத்தில் டிஸ்க் தோசைக்கல்லாகச் சுட்டது. நிறுத்தினார்கள். பட்டறையிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுவந்து, டிஸ்க்கைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, காற்றுக்கு நேரே ஒரு புத்தகத்தின்மேல் படுக்க வைத்தார்கள். ஆறியதும் மறுபடி பத்து. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது கஞ்சி கொடுப்பது மாதிரி, விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. தொண்ணூற்றாறுகூட மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. தனக்கோடிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. நடுவில் இரண்டு டீ வந்தது. இரண்டும் ஆறிப் போயிற்று.

ஒரு மணிக்கு முந்நூற்று எழுபத்தொன்று வந்திருந்தது. அடுத்த பத்துக்கு விசையைத் தட்டியபோது டிஸ்க் நீளமாக ஒரு கீச்சுக் குரல் கொடுத்து அடங்கியது. விசிறி போட்டும் பயனில்லை. ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தும் பயனில்லை. அதன் காலம் முடிந்துவிட்டது.

“எவ்ளோ பாக்கி?”

“நாப்பத்தொண்ணு” என்றாள் நோட்டைப் பார்த்து. “எரநூத்தி முப்பதுலருந்து எரநூத்தி எழுபது வரைக்கும்.”

அவளுக்கு அந்த நம்பர்கள் தெரியும். ஸ்கூட்டர் பாகங்களுக்கான டைகள். ஒரே டைக்குள் துளை போட்டு, மடக்கி, வெட்டி என்று ஐந்தாறு வேலை நடக்கும். அந்தப் பட்டறையிலேயே சிக்கலானவை. ஏழு மாதம் உட்கார்ந்து வரைந்தாள். மகள் ராதாவுக்கு அது பத்தாம் வகுப்பு வருஷம். மகள் ஒரு பக்கம் படிக்க, இவள் ஒரு பக்கம் மறுநாளைக்கான அளவுகளை நோட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரைந்த எல்லாவற்றிலும் அவளுக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான்.

“கவலப்படாதீங்க, ஃபிளாப்பி குடுங்க. எந்த நம்பர்ல இருக்கு?”

“பதினேழுலருந்து இருபது வரைக்கும், நாலு.”

அலமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து பெருமையாக வைத்தாள். பதினேழாம் நம்பரை அவனே உருவிச் செருகினான். கர்ர் என்று ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. பதினெட்டைப் போட்டான். அதுவும் கர்ர். வேறு ஏதாவது போட்டுப் பார்க்கலாம் என்று மூன்றாம் நம்பரைப் போட்டான். அதுவும் இல்லை. ஃபிராங்க்ளினின் முகம் மாறியது. மூன்றாம் நம்பரை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு உலோகத் தகடு இருக்குமே, அதன்மேல் காய்ந்த சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

அவன் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தான். அதிலும் இருந்தது. இன்னொன்றை எடுத்தான்.

“அக்கா, இது இன்னாக்கா?”

“ஆயுத பூஜைக்கு வெச்சது தம்பி. வருஷா வருஷம் பெட்டிக்கு மட்டும்தான் வெப்பேன். இந்த வருஷம்தான், பெட்டிக்கு மட்டும் வெச்சா உள்ள இருக்கறதுங்க இன்னா பாவம் பண்ணுச்சுன்னு...”

“எல்லாத்துக்குமா?”

“முப்பத்தொண்ணுக்கும்.”

“நடுவுலயா?”

“பொட்டு நடுவுலதான தம்பி வெப்பாங்க.”

ஃபிராங்க்ளின் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கவில்லை, அதற்காகவே அவனுக்குப் புண்ணியம் உண்டு. பிறகு மெதுவாக விளக்கினான். ஃபிளாப்பிக்குள் மெல்லிய கறுப்புத் தாள் ஒன்று சுழல்கிறது. அதை மெஷின் பிடித்துச் சுற்றுவது அந்த நடுத் தகட்டால்தான். சந்தனம் காய்ந்து மேடு கட்டியதால் பிடி சரியாக உட்காரவில்லை. உட்கார்ந்தாலும், ஓரத்துச் சந்து வழியாகக் குங்குமப் பொடி உள்ளே இறங்கி, தாளெல்லாம் பரவி, படிக்கிற ஊசிமுனையில் அப்பிக்கொள்கிறது.

தனக்கோடிக்குப் பதினெட்டு நாளைக்கு முன்னால், தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் தொட்டு வைத்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு புது வரைபடம் எதுவும் முடியவில்லை, அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. எவ்வளவு சந்தோஷமாக வைத்தாள்! காகிதத்தையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னதும் இந்த வாய்தான், பேக்கப் இருக்கிறது என்று சொன்னதும் இந்த வாய்தான். திருட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தன் கையாலேயே, அதுவும் ஆசையாக, ஏழு மாத உழைப்பை அழித்துவிட்டோம் என்று நினைத்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அழாதீங்கக்கா. அழிஞ்சு ஒண்ணும் போகல. அழுக்குதான் ஆயிருக்கு. அழுக்குன்னா கழுவலாம்.”

“ஃபிளாப்பியவா?”

“ஃபிளாப்பியத்தான். உங்ககிட்ட ஷாம்பு இருக்கா?”

வாசல் கடையிலிருந்து ஷாம்பு பாக்கெட் வந்தது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் வந்தன. ஃபிராங்க்ளின் படிக்கிற மெஷினைக் கழற்றி ஊசிமுனையை ஸ்பிரிட்டால் துடைத்தான். பஞ்சு சிவப்பாக வந்தது. பிறகு பதினேழாம் நம்பரின் பிளாஸ்டிக் ஓட்டைப் பிளேடால் நெம்பிப் பிளந்தான். உள்ளே அந்தக் கறுப்புத் தாள், நடுவில் தகட்டோடு, அப்பளம் மாதிரி இருந்தது. அதன்மேல் குங்குமம் வட்டம் வட்டமாகக் கோலம் போட்டிருந்தது.

“நான் கழுவறேன்” என்றாள் தனக்கோடி. “வெச்ச கை கழுவட்டும்.”

கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு ஷாம்பு கலந்து, தாளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் தடவினாள். பிறந்த குழந்தையின் கன்னத்தைக்கூட அவள் அவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை. மூன்று தண்ணீரில் அலசினாள். நான்கையும் அப்படியே கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி, விசிறிக் காற்றுக்குக்கூடக் காட்டாமல் தானாகக் காயவிட்டார்கள். வெளியே அய்யாவு அப்பளம் காய்கிறதா என்று கேட்டான்.

காய்ந்ததும் ஃபிராங்க்ளின் நான்கு புது ஃபிளாப்பிகளைப் பிளந்து, அவற்றின் தாளை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சுத்தமான ஓடுகளுக்குள் கழுவிய தாள்களை வைத்து ஒட்டினான். பதினேழாம் நம்பரைச் செருகினான். தனக்கோடி திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

கர்ர் சத்தம் வரவில்லை. மெலிதாக ஒரு முனகல். வரிசையாகப் பெயர்கள் வந்து விழுந்தன. இருநூற்று முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அவள் நோட்டை இழுத்து டிக் போட ஆரம்பித்தாள். பதினெட்டும் வந்தது. இருபதும் வந்தது. பத்தொன்பதில் மட்டும் ஒன்று, இருநூற்று ஐம்பத்தெட்டு, எத்தனை தரம் கேட்டும் திறக்கவில்லை. நாற்பது வந்துவிட்டது.

“ஒண்ணுதான் போச்சு” என்று மூச்சு விட்டான் ஃபிராங்க்ளின். “மிச்ச ஃபிளாப்பியெல்லாம் அப்பறம் மெதுவா பாத்துக்கலாம், அதுல இருக்கறது எல்லாம் புது டிஸ்க்குல இருக்கு. ஆனா ஒண்ணு புரியலக்கா. அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. யாராவது கீழ போட்டாங்களா? இடிச்சாங்களா?”

“என்னத் தாண்டி யாரு தம்பி உள்ள வருவாங்க?”

அவளே முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஒரு வரைபடம் போனாலும் போனதுதான். நாளைக்கு அய்யாவு வாய் வழியாக அவர் கேட்பதைவிட இன்றைக்குத் தன் வாய் வழியாகக் கேட்கட்டும்.

கோதண்டராமன் தன் அறையில் ஏதோ டெண்டர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு வைத்தது, கழுவியது, நாற்பது வந்தது, ஒன்று போனது. சொல்லி முடித்து, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“கதவச் சாத்தும்மா.”

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே சாத்தினாள்.

“ஆயுத பூஜை அன்னிக்கு நீ வெளிய பொரி கட்டிக்கிட்டிருந்தே, ஞாபகம் இருக்கா? வேனுக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினோம். என் ஸ்கூட்டருக்கு வெச்சோம். சரக்கு தள்ற வண்டிக்கும் வெச்சோம். கடைசில நாலு பழம் மிச்சம் ஆயிடுச்சு.”

“அதுக்கு இன்னா சார்?”

“உன் கம்ப்யூட்டர் மேசைக்கும் நாலு சக்கரம் இருக்கேம்மா.”

தனக்கோடி சடாரென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“சக்கரம் சின்னது, பழத்து மேல ஏற மாட்டேன்னுச்சு. ஸ்வல்ப பலமாத் தள்ளினேன். ஏறி, தொம்முன்னு இறங்குச்சு. உள்ள கடக்குன்னு ஒரு சத்தம்.”

“கம்ப்யூட்டர் அப்போ ஆன்ல இருந்துச்சே சார்!”

“ஆன்லதான் இருந்துச்சு. நீதானே சரஸ்வதி படத்தத் திரையில போட்டு வெச்சிருந்தே. சரஸ்வதி ரெண்டு ஆட்டம் ஆடி நின்னாங்க. நான் பழத்தப் பொறுக்கிக்கிட்டு, ஈரத்தத் தொடச்சிட்டு வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “செருப்பக் கழட்டிட்டுதான் போனேன்.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மத்தியானம் அழுத அழுகைக்கு அவரை நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அறுபது வயது மனுஷர், பதினெட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர், சட்டினிக் கிண்ணத்தை உடைத்த பையன் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாளாக இவர் அந்தக் கண்ணாடி வழியாகத் தினமும் எட்டிப் பார்த்து, ‘நல்லா ஓடுதா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது அக்கறை என்றல்லவா நினைத்தாள்! சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

“நீ பேக்கப் இருக்குன்னு சொன்னே தனம். இருந்துச்சு. சோப்புப் போட்டாவது எடுத்துட்டே. நான்தான் வாயத் திறக்கல.”

தனக்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருவரும் வெளியே வந்தபோது ஃபிராங்க்ளின் வேலைச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தான். ‘பழுதுக்குக் காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றிருந்தது.

“வயசாயிடுச்சுன்னு எழுதிடவாக்கா?” என்றான் தாழ்ந்த குரலில், அவளைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

“எலுமிச்சம்பழம்னு எழுதுப்பா” என்றார் கோதண்டராமன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். அய்யாவு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஃபிராங்க்ளினும் மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அப்போது சிரித்துத் தீர்த்தான். சீட்டில் ‘அதிர்ச்சி’ என்று எழுதிக்கொண்டான். நாளைக்கே எல்லா வரைபடத்தையும் இரண்டு சிடியில் ஏற்றித் தருவதாகவும், ஒன்றைப் பட்டறையிலும் ஒன்றை வீட்டிலும் வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான்.

“சிடிக்கு நடுவுல ஓட்டைதான்க்கா. பொட்டு வெக்க எடமே இல்ல.”

மணி நாலரை ஆகியிருந்தது. தனக்கோடி புது டிஸ்க்கில் ஒரு வெற்று வரைபடத்தைத் திறந்து, இருநூற்று ஐம்பத்தெட்டு என்று நம்பர் போட்டாள். ஸ்டோர் ரேக்கில் அந்த டையின் மாதிரித் துண்டு இருந்தது, அளந்து வரைந்துவிடலாம். அளந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஃபிட்டர் அய்யாவுவைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் கோதண்டராமன் செருப்பைக் கழற்றி, காலைத் தேய்த்து, கையில் அந்தத் துண்டும் வெர்னியர் அளவுகோலுமாக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“சொல்லட்டுமா? முதல் துளை, பதினெட்டுப் புள்ளி நாலு.”

தனக்கோடி விசைப்பலகையில் விரலை வைத்தவள் நிறுத்தினாள். ஏழு மாதம் வரைந்த கைக்கு அந்தத் துளை எவ்வளவு என்று தெரியும்.

“கண்ணாடியப் போட்டுக்கினு திரும்ப அளங்க சார்.”

கோதண்டராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திரும்ப அளந்தார்.